ஒரு சாண் கயிறு

வைக்கோலை உருட்டிக் கட்டும் மிஷினில் முடிச்சு என்பதே கிடையாது. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, அறுப்பு முடிந்த ஒரு தாளடி வயலில் நின்று பார்க்கும்வரை நான் இதை நம்பவில்லை. உள்ளே கட்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. பம்பரத்தில் சாட்டை ஏறுவதுபோலச் சணல் கயிறு ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை சுற்றிக்கொண்டு போகிறது. கடைசியில் ஒரு கத்தி அறுக்கிறது, அவ்வளவுதான். கயிற்றின் நுனியை யாரும் எதனோடும் பிணைப்பதில்லை. வைக்கோலின் சொரசொரப்பும் சுற்றின் இறுக்கமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன.

என்னை அங்கே அழைத்துப்போனவர் காப்புரிமை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர். படித்தது மெக்கானிக்கல். பேட்டண்ட் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, இது புதியதுதானா, துறை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடக்கூடியதா என்று சோதித்து ஆட்சேபம் எழுதுவது அவர் வேலையாக இருந்தது. வைக்கோல் உருளை மிஷின்களுக்கு உலக வகைப்பாட்டில் ஏ01எஃப் 15/07 என்று ஒரு எண் உண்டு. கயிறு சுற்றுவது, வலை சுற்றுவது எல்லாம் அதன் கீழே வரும். அந்த எண்ணின் கீழ் ஏராளமாகப் படித்திருக்கிறார். ஒவ்வொரு உரிமைக்கோரலும் ஒரே வாக்கியம். எத்தனை வரி ஓடினாலும் முற்றுப்புள்ளி கடைசியில்தான். அப்படிப்பட்ட வாக்கியங்களில் மூழ்கிக் கிடந்தவர், ஓடும் மிஷின் ஒன்றின் பக்கத்தில் நின்றதே இல்லையாம். ஆய்வுக்குக் காகிதம் போதும், வயல் தேவையில்லை. வைக்கோல் கட்டுகளை ஏற்றிக் கேரளா போகும் லாரிகளின் படத்தை ஒரு நாள் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, “வாங்க, நேர்லயே பாத்துடலாம்” என்றார்.

காலையில் போய் நின்றால் வேலை நடக்கவில்லை. பனி ஈரம் காய வேண்டும். ஓட்டுநர் அவ்வப்போது இறங்கி, வரிசையில் கிடக்கும் வைக்கோலில் ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்த்தார். “இன்னும் நவநவன்னு இருக்கு சார்.” ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ரொம்பக் காய்ந்துவிட்டாலோ தாள் நொறுங்கும், கட்டு இறுகாது. எப்போது கட்டலாம் என்ற இந்தத் தீர்மானத்துக்கு யாரும் பேட்டண்ட் வாங்க முடியாது என்றார் நண்பர். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எச்) விவசாய முறைகளைக் கண்டுபிடிப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. மிஷினுக்கு உண்டு, கைப்பிடிக்குக் கிடையாது.

வெயில் ஏறியதும் டிராக்டர் நகர்ந்தது. முன்னால் முள் வரிசை வைக்கோலை வாரி உள்ளே தள்ளுகிறது. உள்ளே உருளைகள் அதைப் பாய்போலச் சுருட்டி இறுக்குகின்றன. கியர், ஹைட்ராலிக் விவகாரமெல்லாம் நண்பர் விளக்கினார், எனக்கு ஏறவில்லை. அறை நிறைந்ததும் மணி அடிக்கும். டிராக்டர் நிற்கும், மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போதுதான் கயிற்றின் முறை. சுற்றி முடித்ததும் பின்கதவு மேலே எழ, இரண்டடி விட்டமும் மூன்றடி நீளமும் கொண்ட கட்டு உருண்டு விழும்.

பார்த்துக்கொண்டே இருக்கையில் ஒரு கட்டு விழுந்த வேகத்தில் பொலபொலவென்று அவிழ்ந்து பரவியது. “கயிறு பிடிக்கல அண்ணே!” என்று பின்னால் நின்ற பையன் கத்தினான். ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். ஓடும் மிஷினுக்குள் கைவிட்டு விரலை இழந்தவர்களை அவருக்குத் தெரியும்.

அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அறுவடை மிஷினில் கிளீனராக வந்து, ஓட்டக் கற்று, பிறகு பேலர் என்னும் இந்தக் கட்டு மிஷினுக்கு மாறியவர். பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும் பிழைப்பு. அவர் காட்டிய இடம் ஒரு சின்ன இரும்புக் குழாயின் வாய். கயிறு அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கத்தி அறுத்ததும் குழாய்க்கு வெளியே ஒரு துண்டுக் கயிறு தொங்க வேண்டும். அடுத்த கட்டு சுழலும்போது அந்த வாலைத்தான் கவ்வி இழுத்துக்கொள்ளும். விறைப்பாக இருக்கும் கயிறு அறுந்த வேகத்தில் சுருங்கிக் குழாய்க்குள் பின்வாங்கிவிட்டால் வால் குட்டையாகிவிடும். கவ்வ ஒன்றும் இருக்காது. சுற்றுவதாக நினைத்துக் காத்திருந்து கதவைத் திறந்தால் வெறும் வைக்கோல் கொட்டும். “ஒரு சாண் தொங்கணும் சார். நாலு விரக்கடைன்னா போச்சு.”

அதற்கு அவர் செய்திருந்த வைத்தியம், குழாயின் வாயில் கட்டிய, நடுவே கீறிய ஒரு பழைய பைக் டியூப் துண்டு.

நண்பர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இதே வேலையைச் செய்யும் பிடிகளை, சுருள்வில்லும் தகடும் வைத்த படங்களாக, வெளிநாட்டு விண்ணப்பங்களில் கண்டிருக்கிறார். வால் பிரச்சினை ஆத்தூரில் பிறந்ததல்ல. நெப்ராஸ்காவின் உம்மோ லூபன் உருளைக் கட்டு மிஷினுக்குப் பேட்டண்ட் வாங்கியது 1910இல். அந்த உரிமையை வாங்கிய அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947இல் ரோட்டோ-பேலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கயிறு சுற்றும்போது அதுவும் இப்படித்தான் நின்றது. சதுரக் கட்டு வேறு வம்சம். அதில் உண்மையிலேயே முடிச்சுப் போடும் பொறி இருக்கிறது. ஜான் ஆப்பிள்பி 1870களில் கதிர்க்கட்டு மிஷினுக்காகச் செய்த முடிச்சுப் பொறிதான் அதற்கு மூதாதை. உருளைக் கட்டுக்கு 1980களில் பிளாஸ்டிக் வலை வந்தது. பல சுற்றுக் கயிற்றின் வேலையை அது இரண்டு மூன்று சுற்றில் முடித்துவிடும். இதைச் சொன்னபோது ஓட்டுநர் கேட்டது ஒன்றுதான்: “மாடு தின்னுட்டா?” அமெரிக்கப் பண்ணைகளிலும் அந்தக் கேள்வி உண்டு. வலை மாட்டின் இரைப்பையில் கரைவதில்லை.

இங்கே கூலி கட்டுக் கணக்கில். அவிழ்ந்த கட்டு கணக்கில் சேராது. அதைத் திரும்ப வாரிக் கட்ட ஆகும் டீசல் மிஷின்காரர் தலையில், நேரம் ஓட்டுநர் தலையில். யார் வயலுக்கு எந்த மிஷின் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் புரோக்கருக்கு இதில் எதுவும் இல்லை. அவர் நிழலில் நின்று, விழுந்த கட்டுகளை எண்ணிக்கொள்கிறார். விவசாயியிடம் ஒரு விலை பேசுகிறார், லாரிக்காரரிடம் வேறு விலை. மழை மேகம் திரண்டால் முதல் விலையை மட்டும் குறைக்கிறார். நெல்லுக்காவது கொள்முதல் நிலையமும் அரசு விலையும் உண்டு. வைக்கோலுக்கு வரப்பில் நிற்கும் இந்த மனிதர்தான் நிலையம், அவர் வாய்தான் விலை. வெயிலில் பொறுமை இழந்த நான் இதையெல்லாம் உரக்கவே சொன்னேன். புரோக்கர் சிரித்தபடி இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தேன்.

நண்பருக்கு இதில் நாட்டமில்லை. அவர் டியூப் துண்டிலேயே நின்றார். “இதையே நாளைக்கு யாராவது எழுதிப் போட்டா என்ன ஆகும் தெரியுமா?” பிரிவு 13இன்படி ஆய்வாளர் தேடுவது ஆவணங்களை. பழைய விண்ணப்பங்கள், அச்சில் வந்தவை. இந்த ரப்பர் எந்த ஆவணத்திலும் இல்லாவிட்டால் தேடலில் அகப்படாது. அந்த வில் பிடிகளை வைத்து, இது தெளிவாகத் தெரிந்ததுதான் என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் கெட்டிக்கார ஏஜென்ட் அதற்குப் பதில் எழுதிவிடுவார். வெளிப்படையாகப் புழக்கத்தில் இருந்தது என்பதும் செல்லுபடியாகும் காரணம்தான். அதைப் பிரிவு 25இன் கீழ் யாராவது எதிர்ப்பு மனுவாகச் சாட்சியத்தோடு கொண்டுவர வேண்டும். பேட்டண்ட் கொடுப்பதற்கு முன்னால் எவர் வேண்டுமானாலும் கொண்டுவரலாம்.

“எவர் வேணும்னாலும்னா, நானா சார்? சீசன விட்டுட்டு மெட்ராஸ்ல நிக்கவா?” என்றார் ஓட்டுநர். டியூபும் தன்னுடைய யோசனை இல்லை என்றார். போன வருஷம் வேறொரு வண்டியில் பார்த்தது. அந்த வண்டிக்காரர் எங்கே பார்த்தாரோ. பையன் ஒன்று சேர்த்திருந்தான்: கீறல் நேர்க்கோடாக இல்லாமல் சிலுவையாக இருந்தால் கயிறு ஓரம் பிசிறாது.

“அச்சுல இருந்தா மட்டும் போதுமா?” என்றேன்.

“தேதியோட இருந்தா போதும்” என்றார் நண்பர்.

ஆகவே எழுதிவைக்கிறேன். உருளைக் கட்டு மிஷினில் சணல் கயிறு வெளிவரும் குழாயின் வாயில், மோட்டார் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வட்டத் துண்டு ஒன்று கம்பியால் இறுக்கிக் கட்டப்படுகிறது. அதன் நடுவே சிலுவை வடிவக் கீறல். கயிறு கீறலின் வழியே முன்னோக்கித் தடையின்றிப் போகிறது. அறுபட்டதும் கீறலின் நான்கு நாக்குகளும் கயிற்றைக் கவ்வி, அது குழாய்க்குள் பின்வாங்காமல் நிறுத்துகின்றன. அதனால் வெளியே ஒரு சாண் வால் மிஞ்சுகிறது. காவிரிப் படுகை வயல்களில் ஓட்டுநர்கள் எல்லோரும் பார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லியும் கொடுக்கிறார்கள். லாரி டியூப் உதவாது. அது தடிமன், கயிறே வராது.