அழ வைக்கும் படத்தை யார் சேர்த்து வைப்பார்?

பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் நண்பர் ஒருவர் பட்டணத்தில் இருக்கிறார். அலமாரி நிறையப் படங்கள். "இவற்றில் எதை யாருக்கும் தரமாட்டீர்கள்?" என்று கேட்டேன். பாட்டும் சண்டையும் உள்ள படமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் எடுத்துக் காட்டியதோ 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படம்! விட்டோரியோ டி சிகா இயக்கி, 1948-இல் வெளிவந்தது.

போர் முடிந்து வறுமையில் கிடக்கும் ரோம் நகரம். நெடுநாள் வேலையற்றிருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. அதுவோ அடகுக் கடையில். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. தகப்பனும் சிறுவன் புரூனோவும் ஊரெல்லாம் அலைகிறார்கள். முடிவில் தகப்பனே ஒரு சைக்கிளைத் திருடி, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். சைக்கிளுக்கு உரியவர் சிறுவனின் முகத்தைப் பார்த்து இரங்கி விட்டுவிடுகிறார். அழுதுகொண்டே நடக்கும் தகப்பனின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை.

தகப்பனாக நடித்த லம்பெர்தோ மஜ்ஜொரானி உண்மையிலேயே ஓர் ஆலைத் தொழிலாளி. சுவரொட்டி ஒட்டிப் பிழைக்க நினைத்தவனின் கதை இது. அந்தப் படத்தின் சுவரொட்டிகளையே இன்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்!

"இத்தனை சோகத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்றேன்.

"சிரித்த படம் மறந்துபோகும், வாத்தியாரே. இது நம் வீட்டுக் கதை. தொலைக்கலாமா?" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1988-இல் எனக்கு ஒன்பது வயது. மாதக் கடைசி; வீட்டில் அரிசி இல்லை. பால்மரம் வெட்டிவந்த அப்பா, எடை கூடட்டும் என்று வாளியில் தண்ணீர் கலந்துவிட்டார். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி அதைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னிலையிலும் ஏசினார். அப்பா தலைகுனிந்து நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் என் அப்பாவே இல்லை என்பதுபோல் லயத்துக்கு ஓடிவிட்டேன். அப்பா அதைப்பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

புரூனோ நீட்டிய கையை நான் நீட்டவில்லை.

வாசகர்களே, வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பாருங்கள். உங்கள் தகப்பனார் உயிரோடு இருந்தால், படம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.