பழைய இரும்பு

புணேயில் பிறந்து வளர்ந்த எம் மகன், தன் டர்போ காரின் திறனை இருமடங்காக்க விழைந்தான். மெக்கானிக் கேட்டது ஒன்றே: "பிளாக் தாங்குமா?"

வெளியேறும் புகையின் விசையால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவது டர்போ. காற்றும் எரிபொருளும் மிகுந்தால் திறன் பெருகும். உடன் பெருகும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சிலிண்டர் பிளாக் தாங்கியாக வேண்டும்.

மகனுக்கு ஒரு பழங்கதை சொன்னோம். 1983இல் நெல்சன் பிக்கே உலகப் பட்டம் வென்ற காரில் இருந்தது பி.எம்.டபிள்யூ.வின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். அதன் அடிப்படை, 1960களில் சாதாரணக் கார்களுக்கென உருவான வார்ப்பிரும்பு பிளாக்கே. அதனைப் பந்தயத்திற்கு ஆக்கிய பொறியாளர் பால் ரோஷே, சாலையில் நெடுந்தொலைவு ஓடிய பிளாக்குகளையே பெரிதும் விரும்பினார். பலகால் சூடேறி ஆறியதில் வார்ப்பின் உள்ளிறுக்கம் தளர்ந்திருக்கும் என்பது காரணம். 1986இல் அவ்வெஞ்சின் 1,000 குதிரைத்திறனைக் கடந்தது.

கேட்டிருந்த மகன், ஊர்விட்டு வந்து முப்பதாண்டு உழைத்த எம்மைப் பார்த்து நகைத்தான். "அப்படியானால் நீங்களும் பழைய பிளாக்தான், அப்பா!"

பாராட்டாகவே ஏற்றுக்கொண்டோம். மறுநாள் அவன் பட்டறைக்குச் சென்றது, திறனைக் கூட்ட அன்று, பிளாக்கைச் சோதிக்க.