பஞ்சப்பள்ளி அணைக்கரையில் ஒரு பாடம்

சேலத்திலிருந்து பெங்களூருக்கு இரயிலில் சென்றவராயின், தருமபுரியைக் கடந்த சிறிது நேரத்தில் ‘பாலக்கோடு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு மறந்தும் இருப்பீர்கள். பயணிகளைத் தேடி வரவழைக்கும் பெரிய சின்னம் ஏதும் எங்கள் ஊரில் இல்லை. தக்காளி மண்டி உண்டு. மாந்தோப்புகள் உண்டு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. ஒரு காலத்தில் பாரமகால் என வழங்கிய நிலப்பகுதியைச் சேர்ந்தது இவ்வூர். மைசூரின் திப்பு சுல்தானிடமிருந்து 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் பெற்றுக்கொண்ட பகுதி இது. கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் இதையெல்லாம் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இம்முறை நான் எழுத வந்தது வரலாறு அன்று, தூண்டில்!

மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துக்கும் தூண்டிலுக்கும் என்ன தொடர்பு என்று புன்னகைக்கிறீர்களா? என் வீட்டாரும் அப்படித்தான் புன்னகைத்தனர்.

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி வழியாகச் சென்றால் பஞ்சப்பள்ளி வரும். அங்கேதான் சின்னாற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டிருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளில் பிறக்கும் இச்சிற்றாறு, எங்கள் வட்டத்து வயல்களுக்கு நீர் தந்துவிட்டு, ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அணையின் அடிநிலம் வெடித்துக் கிடக்கும். நல்ல மழை பெய்த ஆண்டிலோ, மாலை வெயில் சாயும் நேரத்தில் அந்த நீர்ப்பரப்பைக் கண்டவர் எளிதில் வீடு திரும்பமாட்டார்.

துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் தம்பி, எனக்கென ஒரு மீன்பிடிக் கருவி கொண்டுவந்தான். ‘பெயிட்காஸ்டிங் ரீல்’ என்பது அதன் பெயர். பெட்டியின் மேல் ‘அபு’ என்று எழுதியிருந்தது. என் இளைய மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது அரபு நாட்டில் செய்ததா, அத்தா?” என்று கேட்டாள். இல்லை, அது சுவீடன் நாட்டுப் பெயர். ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921-ஆம் ஆண்டு கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே ‘அபு’. கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்த அதே கைகள் பின்னர் மீன்பிடி ரீல் செய்தன. 1952-இல் அவர்கள் வெளியிட்ட ‘அம்பாசடர்’ ரீல் உலகப்புகழ் பெற்றது. இன்னும் வியப்பு என்னவென்றால், இவ்வகை ரீலுக்கு முன்னோடி எனக் கருதப்படும் ஜார்ஜ் ஸ்னைடரும் ஒரு கடிகாரத் தொழிலாளரே. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1800-களின் தொடக்கத்தில் வாழ்ந்தவர் அவர். பல்சக்கரங்களின் நுணுக்கம் அறிந்தவர்களே இக்கருவியைப் படைத்தனர் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். அந்த நுணுக்கத்தை மதிக்காமல் தொட்டவன் பட்ட பாட்டைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

அவமானம்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, யாரிடமும் எதுவும் கேட்காமல், அந்த ரீலைக் கோலில் பூட்டிக்கொண்டு பஞ்சப்பள்ளிக் கரைக்குச் சென்றேன். முழு வலுவோடு வீசினேன். இரை பத்தடி தூரத்தில் நீரில் விழுந்தது. ரீலிலோ நரம்பு பொங்கிப் புடைத்து, குருவிக்கூடு போல் நின்றது! அரைமணி நேரம் போராடினேன். முடிவில் பேனாக்கத்தியால் அறுத்து எறிந்தேன். ஆடு மேய்க்கும் சிறுவர் இருவர் வாய்விட்டுச் சிரித்தனர்.

“அஸ்ஸலாமு அலைக்கும், ஹஜ்ரத்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் நின்றார். தக்காளி ஏற்றும் லாரியின் ஓட்டுநர். என்னிடம் ஓதி, பாதியில் நின்றுபோனவர்.

எனக்கு உடனே நினைவு வந்தது. ஸீன், ஸாத், ஸே ஆகிய மூன்று எழுத்துகளையும் ஒன்றுபோல் உச்சரிப்பார். எத்தனை முறை திருத்தினாலும் அதே பிழை. ஒருநாள் பொறுமை இழந்து, எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், “உன் தலையில் இது ஒருபோதும் ஏறாது” என்று சொல்லி வெளியே நிற்க வைத்தேன். அடுத்த வாரம் முதல் அவர் வரவில்லை. அதை அவர் மறந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

அறுந்து கிடந்த நரம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புன்னகையோடு சொன்னார்: “கவலைப்படாதீர்கள் ஹஜ்ரத். நீங்கள் அன்று எனக்குச் சொன்னதை நான் இன்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.”

அணைக்கரையில் காற்று வீசிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வியர்த்தது.

தேர்ந்தெடுக்கும் முறை

அவரே எனக்கு ஆசிரியரானார். அவரிடம் கற்றதையும் பின்னர் தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சுருக்கித் தருகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் உதவும்.

பொதுவாகக் கடைகளில் இரண்டு வகை ரீல்கள் கிடைக்கும். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றிய உருளை அசையாது நிற்க, நரம்பு மட்டும் வளையம் வளையமாகக் கழன்று ஓடும். பெயிட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழன்று நரம்பை விடும். முன்னது எளிது; சிறிய, எடை குறைந்த இரைக்கு ஏற்றது. பின்னது கடினம்; ஆனால் தடித்த நரம்பைத் தாங்கும். பாசியும் தாமரைக்கொடியும் மண்டிய ஏரியில் விரால் பிடிக்கவும், குறித்த இடத்தில் இரையைப் போடவும் ஏற்றது. இதுவரை தூண்டிலே தொடாதவர் ஸ்பின்னிங்கில் தொடங்குவதே நலம்.

பெயிட்காஸ்டிங் ரீல் வாங்குவதாயின் நான்கு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, கைப்பிடி எந்தப் பக்கம் என்பது. ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். இதில் அது இயலாது. இடக்கை, வலக்கை எனத் தனித்தனியே செய்கிறார்கள். கடையிலேயே கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது, சுற்று விகிதம். 6.3:1 என்று எழுதியிருந்தால், கைப்பிடி ஒருமுறை சுற்றும்போது உருளை 6.3 முறை சுழலும் என்பது பொருள். கற்பவருக்கு இந்த நடுத்தர விகிதமே போதும். மூன்றாவது, வெளியிலிருந்தே திருப்பக்கூடிய பிரேக். நான்காவது, கோல். இந்த ரீல் கோலின் மேற்புறம் அமர்வது. எனவே விரல் பற்றுவதற்குக் கீழே கொக்கி வைத்த, ஆறரை முதல் ஏழடி நீளக் கோலாக இருக்க வேண்டும். நரம்பைப் பொறுத்தவரை, முறுக்கிப் பின்னிய நரம்பு வேண்டாம்; அதில் சிக்கு விழுந்தால் பிரிப்பது பெரும்பாடு. 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண நைலான் நரம்பே முதலில் போதும்.

சிக்கு ஏன் விழுகிறது?

வீசிய கணத்தில் இரையும் உருளையும் ஒரே வேகத்தில் இருக்கும். இரையைக் காற்று தடுக்கிறது. அதன் வேகம் குறைகிறது. உருளையோ தன் வேகத்திலேயே சுழல்கிறது. இரை கேட்பதைவிட அதிகமாக உருளை நரம்பை வெளியேற்றுகிறது. போக இடமில்லாத நரம்பு அங்கேயே சுருண்டு சிக்காகிறது. எதிர்க்காற்றில் வீசினால் சிக்கு இன்னும் விரைவில் விழும். இரை நீரைத் தொட்டு நின்ற பிறகும் உருளை சுழன்றால் மீண்டும் சிக்குதான்.

இதைத் தடுக்க மூன்று காவல்கள் உண்டு. ஒன்று, உருளையின் அச்சை அழுத்தும் பக்கவாட்டுத் திருகு. இரண்டு, பிரேக். சில ரீல்களில் சிறு கட்டைகள் சுழற்சி வேகத்தால் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். வேறு சிலவற்றில் காந்தங்கள் இருக்கும். அவை உருளையைத் தொடுவதே இல்லை. ஆயினும் சுழலும் அலுமினிய உருளையில் மின்னோட்டச் சுழல்களைத் தோற்றுவித்து அதன் வேகத்தைத் தணிக்கின்றன. வேகம் மிகுந்தால் தடையும் மிகும். மூன்றாவது காவலன், உங்கள் கட்டைவிரல். முதலிரண்டையும் கடையில் வாங்கலாம். மூன்றாவதைப் பழக்கத்தால் மட்டுமே பெறலாம்.

தண்ணீர் இல்லாத பாடம்

முதல் பத்து நாட்கள் அவர் என்னை நீர் அருகே விடவேயில்லை. ஊர் எல்லையில் அறுவடை முடிந்த வயல் ஒன்றில், அஸர் தொழுகைக்குப் பிறகு, லாரி வேலை இல்லாத மாலைகளில் வந்து சொல்லிக்கொடுத்தார். முள் இல்லாத, 15 கிராம் எடைக் குண்டு ஒன்றை நரம்பில் கட்டினார்.

கோலைக் கடிகாரத்தில் பத்து மணி காட்டும் முள்போல் பிடிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் குண்டு மெல்ல இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் திருகை இன்னும் சற்று இறுக்க வேண்டும். எடை வேறான இரையை மாட்டும் போதெல்லாம் இச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். பிரேக்கை முழு அளவில் வைத்துத் தொடங்க வேண்டும். வீசும்போது கைப்பிடி வானத்தை நோக்கும்படி மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். வலுவைக் காட்டக்கூடாது, கோல் வளைந்து நிமிரும் விசையே குண்டைக் கொண்டுபோகும். கட்டைவிரல் உருளையை விட்டு விலகி, பறவையின் இறகு தொடுவதுபோல் மீண்டும் தொட்டுக்கொண்டு, குண்டு தரையைத் தொடும் முன் அழுத்தி நிறுத்த வேண்டும்.

நான் பிழை செய்தேன். மறுநாளும் அதே பிழை. குண்டு விழுந்த பிறகே என் விரல் அழுத்தும். எண்ணிப் பார்த்தேன், ஒரே மாலையில் இருபத்திரண்டு சிக்குகள். ஒவ்வொன்றையும் அவரே பிரித்துக் காட்டினார். கத்தி எடுக்கவில்லை. கட்டைவிரலால் உருளையை இறுக அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுவார். பின் பொத்தானை அழுத்தி நரம்பை மெல்ல இழுப்பார். பெரும்பாலான சிக்குகள் தாமே அவிழ்ந்து வந்தன. “இழுத்தால் இறுகும், ஹஜ்ரத். விட்டுக்கொடுத்தால் அவிழும்” என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. நரம்பைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சொல்லப்பட வேண்டியதும் அதுவே.

ஒன்பதாம் நாள், இருபது கெஜத்திற்கு அப்பால் வைத்த தக்காளிப் பெட்டியில் குண்டு விழுந்தது. “மாஷா அல்லாஹ்!” என்று அவர் உரக்கக் கூவினார். அன்றுதான் பிரேக்கை ஒரு படி தளர்த்தினார். நாற்பது வயதைக் கடந்த எனக்கு, ஒரு பாராட்டு இத்தனை இனிக்கும் என்று அன்றுவரை தெரியாது. என் வகுப்பில் நான் எத்தனை பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறேன் என்று அன்றிரவு எண்ணத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

எங்கே, எதற்கு?

கோலைத் தூக்கிக்கொண்டு கண்ட இடத்தில் இறங்கிவிடாதீர்கள். அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை மீன்வளத் துறையிடமோ குத்தகை எடுத்தவரிடமோ இருக்கும். கேட்டு அனுமதி பெறுவதே முறை. ஒகேனக்கல்லைச் சூழ்ந்த காவிரிக் காடுகளில் பெரும்பகுதி இன்று வனவிலங்குச் சரணாலயம். அங்குள்ள விதிகள் இன்னும் கடுமையானவை. அதற்குக் காரணமும் உண்டு. காவிரிப் படுகையின் மாஷீர் என்னும் பெருங்கெண்டை உலகத் தூண்டில்காரர்களின் கனவாக இருந்தது. அதன் துணையாறான கபினியில் 1946-ஆம் ஆண்டு வான் இங்கன் என்பவர் பிடித்த மாஷீரின் எடை 120 பவுண்டு! இன்று அந்தத் திமில் மாஷீர் இனமே அழியும் விளிம்பில் நிற்கிறது. அதற்குரிய அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். பெயர் சூட்டி முடிப்பதற்குள் மறைந்துபோகும் நிலைக்கு அதைத் தள்ளிவிட்டோம்.

மீன் நமக்கு ஆகுமானது, அதில் ஐயமில்லை. ஆனால் உயிரை விளையாட்டுக்காக வதைப்பது ஆகுமானதன்று. விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் குத்துவோர் உண்டு. தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் இருப்பதை அறிந்தவர் அதற்குத் துணியமாட்டார். இன்று ரப்பர் தவளை கிடைக்கிறது. பாசியின் மேல் அது தத்தித் தத்திச் செல்வதைக் கண்டு விரால் பாய்கிறது.

வீசாத வீச்சு

கடைசியில் ஒரு மாலை, உரியவரிடம் அனுமதி பெற்று, ஊருக்கு அருகிலுள்ள ஏரிக்குச் சென்றோம். அல்லிக்கொடிகளுக்கு நடுவே நீர் செந்நிறமாகத் துடித்தது. நூற்றுக்கணக்கான சிறு குஞ்சுகள் ஒன்றாக மேலெழுந்து மூச்சு வாங்கின. அவற்றின் கீழே பெரிய நிழல் ஒன்று அசைந்தது. இருபது கெஜத்திற்குள் தூரம். தக்காளிப் பெட்டியில் போட்ட கைக்கு அது எளிது. கோலைத் தூக்கினேன்.

“வேண்டாம், ஹஜ்ரத்” என்று மெதுவாகச் சொன்னார். “குஞ்சுகளுக்குக் காவல் நிற்கிறது. இப்போது எதைப் போட்டாலும் பாயும். அதைப் பிடித்துவிட்டால் இவை ஒன்றும் தேறாது.”

என் கட்டைவிரல் உருளையின் மேலேயே நின்றது. கோலைத் தாழ்த்தினேன். செந்நிறக் கூட்டம் மெல்ல நகர்ந்து கொடிகளுக்குள் மறைந்தது.

மக்ரிப் பாங்கு ஒலிக்கும்போது நாங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். மீன் இல்லை. வழியில், பல ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். என்னைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “என் மகனுக்கு ஆறு வயது ஆகிறது. அடுத்த மாதம் உங்களிடம் சேர்க்கலாமா?” என்று கேட்டார்.

பிள்ளை இப்போது என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். ஸீன், ஸாத், ஸே மூன்றும் அவனுக்கும் ஒன்றுபோலவே வருகின்றன. அவசரம் ஒன்றுமில்லை. தினமும் ஒரு சிக்காக அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.