செஞ்சிக் களத்தில் விழுந்தவர்களும் அவர்களுக்கு நின்ற கற்களும்

திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டை, விழுப்புரம் மாவட்டத்தின் போர் நினைவுகள் அனைத்தும் வந்து சேரும் இடமாக உள்ளது. 1677இல் சிவாஜி கைப்பற்றியதும், அவருடைய மகன் இராஜாராம் உள்ளிருக்க முகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் பிடித்ததும், பின்னர் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் கைக்கொண்டதும் வரலாற்று நூல்களில் விரிவாகப் பதிவாகியுள்ளன. ஆயினும் சுற்றுவட்டார மக்களின் நினைவில் நிலைத்திருப்பது இப்பெரும்போர்கள் எவையும் அல்ல, 1714ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரே நாளில் முடிந்துபோன ஒரு சிறு போரே ஆகும்.

முகலாயரின் சார்பில் செஞ்சியை ஆண்ட புந்தேல இராஜபுத்திரர் சொரூப்சிங் இறந்தபின், அவர் மகன் தேஜ்சிங் கோட்டைப் பொறுப்பை ஏற்றார். மக்கள் வழக்கில் தேசிங்குராஜன் எனப்படுபவர் இவரே. கருநாடகப் பகுதிக்கு முகலாயப் பேரரசின் ஆளுநராக இருந்த ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்ப நிலுவையைக் கேட்க, பேரரசர் தம் தந்தைக்கு வழங்கிய ஆணையே தமக்கும் போதும் எனத் தேஜ்சிங் மறுக்க, பூசல் போராக முற்றியது. ஆற்காட்டின் பெரும்படைக்கு எதிராகச் சில நூறு குதிரை வீரர்களோடு கோட்டையை விட்டு வெளியேறிய தேஜ்சிங், இருபது வயதைச் சற்றே கடந்த நிலையில் களத்தில் மாண்டார். மதிலுக்குள் இருந்தபடி போரிட்டிருந்தால் முற்றுகை நீண்டிருக்கும் என்பதைப் பார்க்கும்போது, இதைப் போர்த்திறனாக அன்றி இளமையின் அவசரமாகவே கொள்ளத் தோன்றுகிறது. கதைப்பாடல் வேண்டியதும் அந்த அவசரத்தையே எனலாம்.

நாட்டுப்புறக் கதைப்பாடலான தேசிங்குராஜன் கதையில், திருமணக் கோலத்தில் இருந்த நண்பன் மகமத்கான், போர்ச்செய்தி கேட்டதும் மணப்பந்தலை விட்டெழுந்து குதிரையேறி வந்து உயிர் விடுகிறான். சிங்கவரத்து அரங்கநாதர், அன்று போருக்குப் போக வேண்டாம் என்பதை உணர்த்த முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இக்கதையோடு மக்கள் பொருத்திக் காட்டும் இடங்கள் கோட்டைக்கு உள்ளும் புறமும் உண்டு. தேசிங்கின் உடலை எரியூட்டியதாகவும், அவர் இளம் மனைவி உடன்கட்டை ஏறியதாகவும் செட்டிக்குளக் கரையில் உள்ள மேடை ஒன்றைக் காட்டுவர். நண்பனும் குதிரையும் அடங்கிய இடங்களாக நீலாம்பூண்டியில் சமாதிகள் சுட்டப்படுகின்றன. வென்ற நவாபே அந்த இளம்பெண்ணின் நினைவாக ஆற்காட்டுக்கு எதிரே பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழக்கு. இந்து அரசனையும் முஸ்லிம் நண்பனையும் ஒரே துயரத்தில் சேர்த்து வைத்த இந்நினைவில் ஒரு குதிரைக்குக்கூட இடம் கிடைத்திருக்க, உடன் சென்று மடிந்த சாதாரணக் குதிரை வீரர்களுக்கு ஒரு கல்லும் எழவில்லை.

இக்குறை இம்மண்ணின் பழைய வழக்கத்திற்கு மாறானது என்பதால்தான் கண்ணை உறுத்துகிறது. போரிலோ ஆநிரை, அதாவது கால்நடை, மீட்பிலோ மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபடும் மரபைத் தொல்காப்பியம், கல்லைத் தேர்ந்து காணும் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாக வகுக்கிறது. செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளமாகக் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் எடுத்தனூர்க் கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், வாணர் குடிச் சிற்றரசனுக்கு உறவான ஒருவரின் சேவகன் கருந்தேவகத்தி, எருமைகளைக் காக்கையில் பட்டான் எனப் பதிகிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயின் உருவமும், கோவிவன் என்னும் அதன் பெயரும் அக்கல்லில் உள்ளன. பேரரசன் அங்கே ஆண்டைக் குறிக்க மட்டுமே வருகிறான். கல்லின் உரிமையாளன் சேவகனே.

முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கில அரசு தமிழ்நாட்டின் சில ஊர்களில் பதித்த பலகைகளில் இவ்வுறவு தலைகீழாகிறது. அந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை போருக்குச் சென்றவர் இத்தனைபேர், உயிர் நீத்தவர் இத்தனைபேர் என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கையைப் பொறித்த அப்பலகைகள் எவர் பெயரையும் சொல்வதில்லை. ஊராருக்குப் பெயர் தேவைப்பட்டிராது, ஏனெனில் மாண்டவனை அவர்கள் அறிந்திருந்தனர்; அறிந்தவர்கள் மறைந்தபின் எண் மட்டும் எஞ்சியது.

2019 பிப்ரவரியில் புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் போர்களிலும் படை நடவடிக்கைகளிலும் மாண்ட 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள், வட்டச் சுவர்களின் கருங்கற்களில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரைக் கல்லில் எழுதும் பழைய வழக்கம் அவ்வகையில் திரும்பியிருப்பினும், எடுத்தனூர்க் கல் மாண்டவனின் ஊரார் கண்முன் நிற்க, இக்காலத்து வீரனின் குடும்பத்தார் அவன் பெயரை அங்கே காண விழுப்புரம் சந்திப்பில் ரயிலேறித் தில்லி வரை செல்ல வேண்டியுள்ளது.