வந்து மறையும் பழுது



நம் சபையின் சகோதரர் ஒருவர் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றி வருகிறவர். தவணைக்கு எடுத்த சிறிய டீசல் லாரி அது. 2018-ஆம் ஆண்டு வண்டி. சில வாரங்களுக்கு முன் அவருடைய மனைவி என்னிடம் வந்து, “ஐயா, வண்டி தானா உறுமுதாம். மலை இறங்க வேண்டாம்னு நீங்க சொன்னா கேப்பாரு” என்றார். ஜெபித்துவிட்டு அனுப்பிவிடக்கூடிய காரியமாக அது எனக்குத் தோன்றவில்லை. இறையியல் கல்லூரிக்குச் செல்லுமுன் இரண்டு ஆண்டுகள் என் தாய்மாமனின் பட்டறையில் கைகளைக் கறுப்பாக்கிக்கொண்டவன் நான். கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்ப வேண்டிய இடத்தில், ஓட்டுநர் கேளாமலே இஞ்சின் வண்டியைத் தள்ளினால், அதைப் பிடித்து நிறுத்தும் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். சூடேறிய பிரேக் எந்நேரமும் பிடிக்கும் என்று நம்ப முடியாது.

கால் வைக்காமல் நிற்கும்போது அந்த இஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று ஓட வேண்டும். திடீரென்று 1200-க்கு ஏறும். சற்று நேரம் அங்கேயே நிற்கும். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் இறங்கிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அன்றைக்கு மட்டும் பரம சாதுவாக இருக்கும்.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுவார்கள். விரிந்த ரப்பர் குழாய் ஒன்றே போதும் இஞ்சினை உறும வைக்க. பழைய டீசல் லாரியாக இருந்தால் பம்ப்பின் கம்பியும் ஸ்பிரிங்கும் சிக்குகின்றனவா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. இந்த வண்டியிலோ பெடலுக்கும் பம்ப்புக்கும் இடையே கம்பியே கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள் உண்டு. ஓட்டுநர் எவ்வளவு மிதித்தார் என்பதை இரண்டும் தனித்தனியே மின்னழுத்தமாகச் சொல்லும். கட்டுப்பாட்டுக் கணினி அவ்விரு சாட்சிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அவை முரண்பட்டால் பெடலை நம்புவதை விட்டுவிட்டு, வண்டி எப்படியாவது வீடு சேரட்டும் என்று இஞ்சினைச் சற்று உயர்ந்த வேகத்தில் நிறுத்திவைக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதே 1200 என்பதே ஒரு தடயம். கசிவாயிருந்தால் முள் அலையும். இது கட்டளையிட்டதுபோல் நின்றது.

முதல் பட்டறையில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். அதற்குக் காரணம், “சில நேரம் மிதித்தாலும் பிக்கப் இல்லை” என்று இவர் வேறொரு நாளில் சொல்லியிருந்ததுதான். உறுமலை ஒரு குறையாகவும் பிக்கப்பை இன்னொரு குறையாகவும் வெவ்வேறு இடங்களில் சொன்னார்; இரண்டும் ஒரே நிமிடத்தில் நடப்பவை என்பதை ஒருவரும் கேட்கவில்லை. (ஆலோசனைக்கு வருகிறவர்களிடமும் இதைக் காண்கிறேன். தூக்கமில்லை என்பதை மருத்துவரிடமும், தம்பியோடு பேச்சில்லை என்பதை என்னிடமும் சொல்வார்கள்.) இரண்டாம் பட்டறையில் ஸ்கேனர் இருந்தது. அது பெடல் சென்சார் என்று காட்டியது. முழுப் பெடலையும் மாற்றினார்கள். பெரும் தொகை. நான்காம் நாள் பழுது திரும்பி வந்தது.

மேட்டுப்பாளையத்தில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவர் எதையும் கழற்றவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, “எப்ப வந்துச்சு, அதுக்கு முந்தி என்ன செஞ்சீங்க, எழுதிட்டு வாங்க. அதுவரை மலைக்கு வேண்டாம்” என்று அனுப்பிவிட்டார். ஆறு நாள் சமவெளியில் மட்டும் ஓடினார் சகோதரர். அந்த வாரம் வருமானம் சரிபாதி. ஏழாம் நாள் நோட்டைப் பார்த்தபோது ஒன்பது இடங்களில் ஏழு இடம் பள்ளத்திலோ வேகத்தடையிலோ ஏறி இறங்கிய பின். சூட்டுக்கும் நேரத்துக்கும் தொடர்பே இல்லை.

அசைவில் வருகிறதென்றால் ஒயரில்தான் என்றார் பெரியவர். அந்த வண்டியில் இஞ்சினைப் பார்க்க கேபினையே முன்பக்கமாகச் சாய்ப்பார்கள். பெடலிலிருந்து வரும் ஒயர்க் கட்டு கேபினின் கீல் அருகே வளைந்து செல்கிறது. சாய்த்தால் அந்த வளைவு தளர்ந்து, உள்ளே அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இறக்கினால் இறுகி, குலுங்கும்போது பிரியும். பட்டறையில் சோதித்த ஒவ்வொரு முறையும் கேபின் சாய்ந்தே இருந்தது! பெரியவர் கேபினை இறக்கிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்து, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுத்தார். ஒன்றில் முள் விழுந்தது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. பிரித்தபோது உள்ளிருந்த செம்பு இழைகளில் இரண்டோ மூன்றோதான் மிச்சம்.

விரற்கடை அளவு கூடுதலாகத் தளர்வு விட்டுப் புது ஒயர் சேர்த்து, கிளிப்பை இடம் மாற்றினார். மறுநாள் வெறும் வண்டியோடு ஒரு முறை, அதன்பின் பாதிப் பாரத்தோடு ஒரு முறை மலையிறங்கிப் பார்த்துவிட்டே சகோதரர் முழுப் பாரம் ஏற்றினார். மூன்று வாரமாக முள் 800-லேயே நிற்கிறது.

முதலில் கழற்றிய பெடல் அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதில் பழுது ஏதுமில்லை. அதே வண்டி வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால், ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவரைக் கேளுங்கள்.