புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான்

தூசி தட்டுவதற்குத்தான் முதலில் ஆள் தேவைப்பட்டது. காவிரிப் படுகையில் உள்ள பழைய கல்லூரி ஒன்றின் நூலகத்தைக் கணினிப் பட்டியலுக்கு மாற்றுகிறார்கள் என்று அறிந்து போயிருந்தேன். கணினிகள் சன்னலோர மேசைகளில் மட்டும் இருந்தன. மற்ற இடமெல்லாம் இறக்கி வைத்த புத்தகங்கள். மூக்கை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய நூலக உதவியாளர். நூலகர் உட்பட எல்லாரும் அவரை அண்ணன் என்றே அழைக்கிறார்கள்.

புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டுமே பிரஷ்ஷை இழுக்கிறார். எதிர்த் திசையில் இழுத்தால் தூசி தையலுக்குள் இறங்கிவிடுமாம். ராமபாணப் பூச்சி தென்பட்டால் அந்தப் புத்தகம் தனியாகப் போகிறது. கட்டுக் குலைந்தவை பைண்டிங்குக்கு. தொட்டால் ஒடியும் தாள் உள்ளவற்றுக்குப் பசையே கூடாது. அவற்றை வெள்ளைத் தாளில் சுற்றி நாடாவால் கட்டுகிறார்கள். பார்கோடு ஸ்டிக்கரையும் அந்தச் சுற்றுத் தாளின் மேல்தான் ஒட்டுகிறார்கள்.

துடைத்த கையோடு அண்ணன் அக்சஷன் நம்பரை, அதாவது நூலகப் பதிவேட்டில் புத்தகத்துக்குக் கொடுத்த எண்ணைத் தேடுகிறார். தலைப்புப் பக்கத்தின் பின்னால் முத்திரையோடு அந்த எண் இருக்கும். அது கிழிந்துபோயிருந்தால் ரகசியப் பக்கத்தைப் புரட்டுவார். ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு பக்க எண்ணை வைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தில் இன்னொரு முறை முத்திரை குத்தி எண்ணை எழுதி வைப்பது நம் நூலகங்களின் பழைய வழக்கம். இங்கே அது எந்தப் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அண்ணன் எண்ணைச் சத்தமாகப் படிக்க, ஒரு மாணவி பதிவேட்டில் அந்த வரியைத் தேடி டிக் செய்கிறாள். "மேடம், இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒரு புத்தகம் வந்துடுச்சு" என்று அவள் குரல் கொடுத்தால் வேலை நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது உண்மையான சொந்தக்காரர் என்று நூலகர் முடிவு செய்த பிறகே அடுத்தது.

இதைவிட வேகமான வழி உண்டு. பதிவேட்டை மேசையில் விரித்து, வரிவரியாகத் தட்டச்சு செய்துவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், தட்டச்சு செய்கிறவர் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஏது நேரம்? இங்குள்ள நூலகர் அதற்கு ஒப்பவில்லை. "பதிவேடு பில்லுக்காக எழுதினது சார். படிக்கிறவங்களுக்காக எழுதினதில்ல" என்றார். தேதி, விலை, யாரிடம் வாங்கியது, பில் எண் எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கின்றன. நூலைப் பற்றிய விவரம்தான் குறைவு.

அவர் காட்டிய ஒரு வரியில் நூல் சிலப்பதிகாரம், ஆசிரியர் உ.வே.சா. என்று இருந்தது. நூல் இளங்கோவடிகளுடையது. உரை அடியார்க்குநல்லாருடையது. ஏடு தேடி ஒப்பிட்டு 1892-ல் முதன்முதலில் முழுமையாக அச்சேற்றிய பதிப்பாசிரியர் சாமிநாதையர். மார்க் என்ற பதிவு முறையில் மூவருக்கும் இடம் இருக்கிறது. 1960-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் என்ற பெண்மணியின் தலைமையில் உருவான முறை அது. 100 என்ற புலத்தில் முதன்மை ஆசிரியர், 245-ல் தலைப்பு, 700-ல் உரையாசிரியரும் பதிப்பாசிரியரும். பதிவேட்டைப் பார்த்து ஏற்றியிருந்தால் இளங்கோவைத் தேடுகிற மாணவனுக்கு இந்தப் புத்தகம் கிடைத்திருக்காது. அலமாரியில் இருந்தும் இல்லாமல் போயிருக்கும்.

புதிய புத்தகங்கள் சுலபம். ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால் வேறொரு நூலகம் செய்துவைத்த பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். அந்த எண் முறை 1970-ல்தான் சர்வதேசத் தரமானது; அதற்கு முந்தைய தமிழ் நூல்களில் அதற்கு வழியில்லை. வெளிநாட்டு நூலகங்களில் தமிழ் நூல்களுக்குப் பதிவு இருந்தாலும், பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக இருக்கும். அப்படித் தட்டித் தேடுகிற வாசகர் யாரும் இந்த ஊரில் இல்லை. ஆக, பழைய தமிழ் நூல் ஒவ்வொன்றுக்கும் இவர்களே உட்கார்ந்து பதிவு எழுத வேண்டும்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது தனி வேலை. பழைய தலைப்புப் பக்கம் பலவற்றில் தமிழ் வருடப் பெயர் மட்டுமே இருக்கிறது. பிரபவ என்றால் 1867-ஆ, 1927-ஆ? அறுபது வருட இடைவெளி. அதோடு, சித்திரையில் தொடங்குவதால் ஒரு தமிழ் வருடம் இரண்டு ஆங்கில வருடங்களில் பரவி நிற்கும். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நூலக அறிவியல் பட்டதாரி ஒருத்தி இதில் தேர்ந்துவிட்டாள். அச்சுக்கூடத்தின் பெயர், தாள், பின்னட்டையில் விளம்பரமாகும் மற்ற நூல்கள், விலை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957-க்கு முன். லை, னை பழைய கொம்போடு இருந்தால் 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் என்று கொள்ளலாம். முடிவுக்கு வர முடியாதபோது ஆண்டைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு போடுகிறாள். அந்தக் கேள்விக்குறியை நான் மிகவும் மதிக்கிறேன். ஊகத்தை உறுதி போலப் பதிந்துவிட்டால் பின்னால் வரும் ஆய்வாளர்கள் அதையே நம்பி எழுதுவார்கள்.

இவ்வளவையும் தாங்கும் மென்பொருள் கோஹா. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களில், பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற கவலையில் உருவாக்கி, 2000 ஜனவரியில் ஓடவிட்டு, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். உரிமக் கட்டணம் இல்லாததால் மிச்சமாகும் பணம் மனித உழைப்புக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. நடப்பது வேறு. கணினிக்கும் பார்கோடு கருவிக்கும் நிதி கிடைக்கிறது. நூலக அறிவியலில் பட்டம் பெற்ற பெண்களுக்கு மாதச் சம்பளம் என்றால் மட்டும் கோப்பு நகர்வதில்லை. சீர்காழியில் பிறந்து, 1924-ல் கணித ஆசிரியர் வேலையை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அந்த நேரம் சும்மா மிச்சமாவதில்லை. இந்தப் பெண்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து அதை ஈட்டுகிறார்கள். கூலி அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டாமா?

இந்த நூலகத்தில் ஏற்கெனவே ஒரு முறை கணினிப் பட்டியல் செய்திருக்கிறார்கள். யூனிகோடு பரவாத காலத்து எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் அது. இன்றைக்குத் திறந்தால் குறியும் கோடுமாகத் தெரிகிறது. எழுத்துமாற்றியில் போட்டு மீட்டார்கள். பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனால் ஔவையார் நூல்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டன.

காரணத்தை நூலகர் திரையில் காட்டினார். யூனிகோடில் ஔ ஓர் எழுத்து, அதற்கு ஒரே எண். பழைய பதிவில் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். ஆத்திசூடி ஒருவர் பெயரிலும் கொன்றைவேந்தன் இன்னொருவர் பெயரிலும் நின்றன.

"பசங்க அவ்வையார்னுதான் அடிக்கிறாங்க மேடம், அ-வும் வ்-வும் போட்டு" என்றாள் அந்த ஒப்பந்தப் பட்டதாரிப் பெண். அது மூன்றாவது வடிவம். தவறு என்று தள்ள முடியாது, அச்சிலும் புழங்குவதுதான். நூலகர் பெயர்க் கோப்பைத் திறந்து, ஔவையார் என்பதை முதன்மை வடிவமாக வைத்து, மற்ற இரண்டையும் அதற்கு வழிகாட்டும் வடிவங்களாகச் சேர்த்தார். எதைத் தட்டினாலும் எல்லா நூலும் வந்தன. அடுத்து சாமிநாதையர். சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா., உ.வே.சாமிநாதையர் என்று பதிவேட்டில் எத்தனை விதமாக இருக்கிறதோ அத்தனையையும் முதலில் எழுதிக்கொண்டு வரும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னார். அண்ணன் சமய நூல் அலமாரியின் மேல் தட்டை இறக்கத் தொடங்கியிருந்தார்.