முப்புரிக் கயிறு

முல்லையாற்று நீரால் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளையும் ஊர்களுள் மார்க்கையன்கோட்டையும் ஒன்று. அறுவடை முடிந்தபின், வைக்கோற் பாரத்தை இறுக்கிக் கட்டும் முப்புரிக் கயிற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒரு நுட்பம் புலனாகும். புரி ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். மூன்று புரிகளும் சேர்ந்து மறுபக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு முறுக்கு அவிழ முயன்றால் மற்றொன்று அதனைத் தடுக்கும்.

இத்தகைய கயிறு நம் உடலிலும் உண்டு. தோல், தசைநாண், எலும்பு, குருதிக்குழாய் ஆகியவற்றிற்கு வலிமை தருவது கொலாஜன் என்னும் புரதம். உடற்புரதத்தில் கால் பங்கிற்குக் குறையாதது அது. அஃது அளவோடு இருக்குமளவும் உடல் வளைந்து கொடுக்கும். அளவு கடந்தாலோ, தோல் மரப்பட்டைபோல் இறுகும். இதனைத் தோலிறுக்க நோய் எனலாம். மருத்துவர் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்பர். ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றுகின்றது. உடலைக் காக்க வேண்டிய ஆற்றல் உடலையே பகையெனத் தாக்குகின்றது. நுண்ணிய குருதிக்குழாய்கள் கெடுகின்றன. கொலாஜனை நூற்கும் உயிரணுக்கள் ஓய்வறியாது நூற்றுக் குவிக்கின்றன.

பெரும்பாலும் விரல்களே முதலில் அறிவிக்கும். மார்கழிப் பனியில் வயல்நீரைத் தொட்டவுடன் விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, பின் சிவக்கும். இதனை 1862-இல் விரித்துரைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ. விரல் வெளுத்தோர் எல்லாரும் இந்நோயாளர் அல்லர். பலர்க்கு அது தீங்கின்றிக் கழியும். ஆயினும் விரல் மடங்க மறுப்பதும், மூச்சு இளைப்பதும் உடன் தோன்றின், குளிரின் குறும்பு என்று வாளாவிருத்தல் தகாது.

இக்கயிற்றின் அமைப்பு சென்னையில் ஆராயப்பெற்றது என்பதைத் தமிழ் மாணவர் பலர் அறியார். 1952-இல், முப்பது வயது நிரம்பாத ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவரானார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்று, சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி கற்றவர் அவர். அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று உரைத்தார். அச்சொல் இளையவர் நெஞ்சில் தைத்தது. அண்மையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதனுள் எக்ஸ் கதிரைச் செலுத்திக் கிடைத்த படங்களைக் கொண்டு, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகளால் ஆயது என 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுகியுள்ளன என்று மறு ஆண்டில் திருத்தினர். இழை ஒவ்வொன்றும் இடமாகவும், மூன்றும் கூடி வலமாகவும் முறுகியுள்ளன. வண்டிக் கயிற்றின் உத்தியே அது! மூன்றும் நெருங்கும் நடுவிடத்தில் பெரிய அமினோ அமிலம் எதுவும் அடங்காது. ஆதலால் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறியதாகிய கிளைசின் அமைந்துள்ளது.

கேம்பிரிட்ஜில் இருந்த கிரிக்கும் ரிச்சும், அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். சினந்து மறுப்பெழுதுவோர் பலர். இராமச்சந்திரனோ, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே கணக்கிடத் தொடங்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ எனப் பெயர் பெற்றது. புரதங்களின் அமைப்புச் சரியா என்று சோதிப்போர் இன்றும் அதனையே நாடுகின்றனர். இழைகளைப் பிணைக்கும் ஹைடிரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் மறுத்தோர் கூற்றே பின்னர் நிலைத்தது. முப்புரி அமைப்போ அசையவில்லை.

கிளைசின் ஒன்று இடம் மாறினும் கயிறு நைந்து, எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய் உண்டாகலாம். தோலிறுக்க நோயில் குற்றம் கயிற்றின் அமைப்பில் இல்லை. அதனை நூற்றலை நிறுத்த அறியாமையில் உள்ளது. ஆகவே மருத்துவர் வேறு வழிகளைத் தேடினர். இந்நோயாளர் சிலர்க்குக் குருதியழுத்தம் திடீரென மிகுந்து சிறுநீரகம் அழியும். முன்னாளில் அது பெரும்பாலும் சாவேயாகும். 1970-களின் இறுதியில் ஏ.சி.ஈ. தடுப்பான்கள் என்னும் மருந்துகள் வந்தன. அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஸ்டீனும் அவர்தம் குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அம்மருந்து பெறாதோருள் நூற்றுக்குப் பதினைவரே ஓராண்டு கடந்து வாழ்ந்தனர். பெற்றோருள் எழுபத்தறுவர் வாழ்ந்தனர். நுரையீரல் இறுகுவதைத் தாமதப்படுத்தும் நின்டெடானிப் என்னும் மருந்துக்கு 2019-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. அது தாமதப்படுத்துமேயன்றி, முன்பே படிந்த கயிற்றை அவிழ்ப்பதில்லை. அவிழ்க்கும் மருந்தை ஆராய்வோர் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.